காய்ச்சல் விட்டாச்சு... நாளைக்கே ஓடலாமா?

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கவரம் போன்ற ஊர்களில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஜிம்மும் கிடையாது, சிந்தெடிக் டிராக்கும் கிடையாது. ஊர் ரோடும் மலைப்படியும்தான் மைதானம். இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு விநாடி தவறினாலும் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் நாலு நாள் காய்ச்சலில் படுத்தாலே, ‘இத்தனை மாசம் ஓடினது எல்லாம் போச்சே’ என்று பிள்ளைகள் பதறுகிறார்கள். ஐந்தாம் நாள் காலையில் ஷூவைத் தேடுகிறார்கள்.

உண்மையிலேயே எல்லாம் போய்விடுமா? 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் முழுக்கப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. கேட்கவே பகீர் என்கிறது அல்லவா? ஆனால், சுமார் எட்டு வாரப் பயிற்சியில் அவர்கள் இழந்ததை மீட்டுவிட்டார்கள். அதுவும் அது மூன்று வாரப் படுக்கை. நாலைந்து நாள் காய்ச்சலில் குறைவது இதைவிட ரொம்பக் கொஞ்சம்தான். அவசரப்பட்டு ஓடினால்தான் நஷ்டம்.

ஏனென்றால், காய்ச்சலில் இதயம் ஏற்கெனவே கூடுதல் வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கும். வியர்வையில் நீர் வற்றியிருக்கும். சில வைரஸ்கள் இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அது அபூர்வம்தான். ஆனால் அந்த நிலையில் மூச்சிரைக்க ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டு ஓடப்போவது இந்த விஷயத்தில் இருப்பதிலேயே மோசமான யோசனை.

விளையாட்டு மருத்துவர்கள் ‘கழுத்துக் கணக்கு’ ஒன்று சொல்வார்கள். மூக்கொழுகல், தும்மல் என்று தொல்லை கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தால் ஓட்டமே கூடாது.

டெங்கு என்றால் இன்னும் கவனம். அதில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டமே ஆரம்பிக்கும். ‘உடம்பு லேசாயிடுச்சு’ என்று அன்றைக்குக் கிளம்பிவிடக் கூடாது. டாக்டர் சொன்ன பிறகுதான் ஷூ.

உலகத்தின் வேகமான மனிதருக்கும் இதே கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வென்ற நோவா லைல்ஸ், இரண்டே நாளில் கொரோனாவில் விழுந்தார். இவருக்கு ஆஸ்துமாவும் உண்டு. ஆனாலும் 200 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடி, 19.70 விநாடியில் வெண்கலம் வாங்கினார். முடிந்ததும் டிராக்கிலேயே சரிந்தவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். அங்கே பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள். விடியற்காலையில் ஆளில்லாத ஊர் ரோட்டில் யார் இருப்பார்கள்?

சரி, எப்படித் தொடங்குவது? மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாளாவது காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். சாப்பாடு பழையபடி இறங்க வேண்டும். கஞ்சியும் ரசம் சாதமும் சாப்பிடும் வயிற்றோடு டைம் பார்த்து ஓட முடியாது. காலையில் எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே நாடி பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்றைக்கும் ஓய்வுதான். முதல் இரண்டு நாள் நடை மட்டும். பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். எத்தனை நாள் படுத்தீர்களோ, குறைந்தது அத்தனை நாளாவது இப்படிப் போகட்டும். வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி எடுத்துவிட வேண்டும்.

மலைப்படி கடைசியில்தான். சிங்கவரம் குன்றில், பல்லவர் காலக் குடைவரைக்குள் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்டிருக்கிறார் ரங்கநாதர். அவரைப் பார்க்க முதல் வாரம் நடந்தே ஏறுங்கள். ஓடி ஏறுவதை, சமதளத்தில் பழைய வேகம் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.