ஒரு முழச் சரம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வழியே அந்திப்பொழுதில் நடந்து கேம்பல் லேன் முனையை நெருங்கும்போது, பூக்கடைகள் கண்ணில் படுவதற்கு முன்பே மல்லிகையின் பரிமளம் வந்து நம்மை எதிர்கொள்கிறது. ரோஜா மாலைகளுக்கும் செவ்வந்திச் சரங்களுக்கும் நடுவே அமர்ந்து, வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, பார்வையின் துணையின்றி விரல்களை மட்டும் ஓடவிட்டுப் பூத்தொடுப்பவர்களை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். கல்யாண மாலையை அவர்களிடம் வாங்குவதுதான் உசிதம். ஆயினும் வெள்ளிக்கிழமையன்று சுவாமி படத்துக்குச் சாத்தும் ஒரு முழச் சரத்தையேனும் நம் கையாலேயே தொடுக்கும் ஆனந்தத்தை, அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர்கள் இழந்துவிடலாகாது என்பது என் ஆசை.

பெரியாழ்வார் பெருமாளுக்கென்று தொடுத்து வைத்த மாலையைத் தான் முதலில் சூடி அழகு பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு, இதே சாலையில் 1855-ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலும் சந்நிதி உண்டு. கோதை என்ற அவள் பெயருக்கே மாலை என்றுதான் அர்த்தம். திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துப் புஷ்ப கைங்கரியம் செய்த தொண்டரடிப்பொடியாழ்வார் பாடிய 45 பாசுரங்களுக்கும் ‘திருமாலை’ என்றே திருநாமம். கண்ணி, தார், தொடையல், பிணையல் என்று இத்தனை பெயர்களை வைத்திருக்கும் பாஷையைப் பேசுகிறவர்களுக்கு, பூத்தொடுக்கும் முடிச்சு மட்டும் மறந்துபோனால் மனம் வருந்தாதா?

தேக்கா சந்தையில் உதிரிப்பூ வாங்கும்போது, மாலையில் விரியக்கூடிய முற்றிய மொட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். விரிந்துவிட்ட மல்லிகை தொடுத்து முடிப்பதற்குள் நிறம் மங்கும். வாழைநார் கிடைத்தால் அதற்கு ஈடு வேறில்லை; தண்ணீரில் ஊறவைத்து மெல்லியதாகக் கிழித்துக்கொண்டால், அது காம்பை அறுக்காமல் பிடிப்பதோடு தன் ஈரத்தையும் பூவுக்குக் கொடுக்கும். கிடைக்காவிடில் நனைத்த பருத்தி நூல் போதும். இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாரைப் பிடித்து, அதன்மேல் இரண்டு மொட்டுகளை ஒரு பக்கமாகவும் இரண்டை மறுபக்கமாகவும், காம்போடு காம்பு சேருமாறு வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வலக்கை விரலில் ஒரு கண்ணி திருப்பி, அதைக் காம்புகளின்மேல் மாட்டி இழுத்தால் ஒரு முடிச்சு ஆயிற்று. அதிகம் இறுக்கினால் காம்பு துண்டாகும்; தளரவிட்டால் மறுநாள் பூ உதிரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்த அளவு விரலுக்கே தெரியவேண்டிய ஞானம். எனக்கு அது பிடிபடுவதற்குப் பல வாரங்கள் ஆயின. இடையிடையே மருக்கொழுந்தோ துளசியோ வைத்துத் தொடுத்தால் வெண்மைக்குப் பச்சையும் வாசனைக்கு வாசனையும் துணை நிற்கும்.

வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட் மலரை 1981-இல் தேசிய மலராகத் தேர்ந்த இந்நாட்டில், நம் மாலைகளிலும் ஆர்க்கிட் இடம் பெற்றுவிட்டது. ஊதாவும் வெள்ளையுமான அப்பூக்களைத் தொடுப்பதைவிடக் கோப்பதே எளிது: காம்பைக் கிள்ளிவிட்டுப் பூவின் நடுவே ஊசியைச் செலுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டே போகலாம். மல்லிகை ஒரே நாளில் வாடும் இப்புழுக்கத்தில் ஆர்க்கிட் தாக்குப்பிடிப்பதைக் கண்டு, அது நம் பூவல்ல என்று முன்பு நான் கொண்டிருந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

முதல்நாளே தொடுத்துவைப்போர், மல்லிகைச் சரத்தை ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம்; ஆனால் ஆப்பிள், வாழைப்பழம் போன்றவற்றை அருகில் வைக்கலாகாது. பழுக்கும் கனிகளிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பூவை விரைவில் வாட்டும். ஆர்க்கிட்டோ வெப்பநாட்டுச் செடியின் பூவாதலால், கடுங்குளிர் அதற்கு ஆகாது. வீட்டில் நிழலான இடத்தில் வைத்து நீர் தெளித்தாலே போதும்.

மறுநாள் களைந்த நிர்மால்யத்தைத் தாழ்வாரத்துத் துளசித் தொட்டியில் இட்டுவிடுகிறேன்; நாரும் பூவும் சேர்ந்தே மண்ணாகிவிடுகின்றன.