பொதுப் பணித்தளமும் செயலிகளும்

ஓர் அலுவலகத்தார் கூடி உரையாடவும் ஆவணங்களைப் பகிரவும் கணினியில் அமைத்துக்கொள்ளும் பொதுவிடத்தைப் பணித்தளம் என்பர். 2014ஆம் ஆண்டிற் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக் இதற்கு நல்லதோர் உதாரணமாகும். நாட்காட்டி, வாக்கெடுப்பு, கோப்புச் சேமிப்பு முதலியவற்றுக்கெனப் பிற நிறுவனங்கள் ஆக்கிய செயலிகளையும் அதனோடு இணைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் தமது கைத்தொலைபேசியில் ஒரு செயலியைச் சேர்த்தால், அதன் நன்மை தீமை பெரும்பாலும் அவரையே சாரும். பணித்தளத்திலோ நிலைமை வேறு. ஒருவர் சேர்த்த செயலி பலருக்கும் பயன்படும். பெற்ற அனுமதிக்கேற்பப் பலருடைய செய்திகளையும் படிக்கக்கூடும். பொதுவீட்டின் திறப்பை அயலாரிடம் ஒப்படைப்பதை ஒக்கும் இச்செயல்.

ஆதலின் ஒழுங்கு வேண்டும். ஸ்லாக்கில், தமது ஒப்புதலின்றி எச்செயலியும் சேராதவாறு பொறுப்பாளர் விதிக்கலாம். அப்போது உறுப்பினர் விண்ணப்பிப்பார். செயலி கேட்கும் அனுமதிகளை ஆராய்ந்து பொறுப்பாளர் இசைவார் அல்லது மறுப்பார். நினைவூட்டல் அனுப்புவதே தொழிலாகவுள்ள செயலி, பழைய உரையாடல்களையும் படிக்க அனுமதி கேட்குமாயின், ஏன் என வினவுதல் அவர் கடன்.

எல்லாவற்றையும் தடுத்தலும் தகாது. நேர்வழி அடைபட்டால் ஊழியர் மறைவழி தேடுவர். அனுமதித்தபின் மறந்துவிடுதலோ அதனினுந் தீது. பயன் முடிந்த செயலியை நீக்காதவரை, கொடுத்த திறப்பு அயலார் கையிலேயே இருக்கும். ஆண்டுக்கொரு முறையேனும் பட்டியலைப் பார்த்து, வேண்டாத திறப்புக்களைத் திரும்பப் பெறுவதே நல்ல நிருவாகமாகும்.