பழைய ஃபாக்ஸ்ப்ரோவும் பத்து மூட்டை மஞ்சளும்!

அடுத்த முறை உங்க ஊர்ல கொஞ்சம் பழைய மெடிக்கல் ஷாப், அரிசி மண்டி, பாத்திரக்கடை எதுக்காவது போனா, பில் போடுற கம்ப்யூட்டரை லேசா எட்டிப் பாருங்க. மவுஸைத் தொடாமலே ஒருத்தர் கீபோர்டுல தடதடன்னு அடிச்சுக்கிட்டு இருந்து, நீலக் கலர் திரையில வெள்ளை எழுத்து ஓடிச்சுன்னா... ஒரு வணக்கம் வெச்சுட்டு வாங்க. அந்த சாஃப்ட்வேர் அநேகமா உங்களைவிட வயசுல மூத்தது!

அப்படி ஒண்ணுகிட்டதான் இந்த செமஸ்டர் லீவு முழுக்க நான் மாட்டிக்கிட்டேன். இடம், ஈரோட்டுல என் மாமாவோட மஞ்சள் மண்டி.

மண்டின்னா என்னன்னு தெரியாத சிட்டி மக்களுக்காக ஒரு வரி: விவசாயி கொண்டு வந்து இறக்குற மஞ்சளை வித்துக் கொடுத்து கமிஷன் எடுத்துக்கிற இடம். நடுவுல பொண்ணு கல்யாணம், போர்வெல் செலவுன்னு விவசாயி கேட்டா முன்பணமும் கொடுப்பாங்க. மஞ்சள் வித்ததும் அதைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுக்கணும். இந்தக் கணக்கெல்லாம் 1996-ல இருந்து ஓடுறது டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ 2.6-ல எழுதின ஒரு புரோகிராம்ல. எழுதினவர் எப்பவோ சிங்கப்பூர் போயிட்டார். சோர்ஸ் கோடு எங்கே போச்சுன்னு கேட்டா, மாமா மேலே ஓட்டைப் பார்க்கிறார்.

இத்தனை வருஷம் அதுபாட்டுக்கு ஓடினதை இப்ப ஏன் நோண்டணும்? மெஷின் செத்துடுச்சு, அதான். 2025 அக்டோபர்ல விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தினப்பவே ‘மாத்தலாமா?’ன்னு மாமா யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கார். மதர்போர்டு முந்திக்கிச்சு. புதுசா வாங்கினது விண்டோஸ் 11. அதுல 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ்ல பழைய டாஸ் புரோகிராமை ரெண்டு தடவை க்ளிக் பண்ணினா, ‘இது இங்கே ஓடாது’ன்னு ஒரு பெட்டி வரும். அவ்வளவுதான்.

“மாப்ள, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? வந்து பாரேன்.”

வந்தேன். நல்லவேளையா ஹார்டு டிஸ்க் உயிரோட இருந்துச்சு. டாஸ்பாக்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. புது கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி நடிக்கும். அதுல ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிப் போட்டதும் நீலத் திரை வந்துடுச்சு. பிரிண்ட் எடுக்கிறது மட்டும் மக்கர். மாமா முகத்துல பல்பு எரிஞ்சுது. நான் அதோட எழுந்து வந்திருக்கணும். வாய் சும்மா இருக்கா? “இது தற்காலிகம்தான் மாமா. டேட்டாவை எல்லாம் மைசீக்வெல்லுக்கு மாத்தி, புதுசாவே எழுதிடலாம். ரெண்டே நாள்!”

ரெண்டு நாள், அஞ்சு வாரம் ஆச்சு.

கொஞ்சம் வம்ச வரலாறு சொல்லிடறேன், காலேஜ்ல இதைச் சொல்லித்தர மாட்டாங்க. 1970-களோட கடைசியில அமெரிக்காவுல ஜெட் ப்ரொபல்ஷன் லேபரேட்டரியில வேலை பார்த்த வெய்ன் ராட்லிஃப், ஆபீஸ்ல நடந்த கால்பந்துப் பந்தயத்துக்குக் கணக்கு வைக்கணும்னு ஒரு புரோகிராம் எழுத ஆரம்பிச்சார். பேரு ‘வல்கன்’. அதுதான் டிபேஸ் 2 ஆச்சு. அதே மாதிரி ஃபைலை, அதைவிட வேகமா ஓட்டிக் காட்டின ஒஹையோ கம்பெனிதான் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர். 1992-ல மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிச்சு. கடைசிப் பதிப்பு விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9, வந்தது 2004. இனிமே புதுப் பதிப்பு இல்லைன்னு 2007-ல சொன்னாங்க. 2015 ஜனவரியோட ஆதரவும் முடிஞ்சுது. கம்பெனி மூடின கதை அங்கே. நம்மூர் மண்டிக்கு அது தெரியாது. இங்கே தினமும் காலையில ஒன்பதரைக்கு அது முழிச்சுக்கும்!

ஒரு டி.பி.எஃப். ஃபைலைத் திறந்து பார்த்தா ரொம்ப சிம்பிளா இருக்கும். மேலே ஒரு தலைப்பகுதி. அதுல எத்தனை பதிவு, எந்தெந்தக் கட்டம், ஒவ்வொண்ணும் எவ்வளவு அகலம்னு இருக்கும். கட்டத்தோட பேரு பத்து எழுத்துக்கு மேலே போகக்கூடாது. அதனால பேரெல்லாம் சங்கேத பாஷை மாதிரி இருக்கும். ‘ஏஎம்டி1’, ‘ஏஎம்டி2’, ‘ஏஎம்டி2ஏ’. இந்த மூணாவது என்னன்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் போச்சு. வண்டி வாடகையாம்! கீழே பதிவுகள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, ஒரே நீளத்துல. ரயில் பெட்டி மாதிரி. நானே பைத்தான்ல ஒரு சின்ன புரோகிராம் எழுதி, பெட்டி பெட்டியா கழட்டி மைசீக்வெல்லுக்குள்ள கொட்டிட்டேன். நாலே நிமிஷத்துல முடிஞ்சுது. மொத்தப் பதிவு எண்ணிக்கையைத் தலைப்பகுதியில இருந்த எண்ணோட ஒப்பிட்டேன். டிட்டோ! காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அடுத்த வாரம் புது ஸ்க்ரீன்ல இருந்து முன்பண பாக்கி சீட்டு பிரிண்ட் எடுத்தோம். மாமா அதுல கொஞ்சத்தை டிரைவர்கிட்ட கொடுத்து ஊர்ப்பக்கம் அனுப்பினார்.

மூணாம் நாள் காலையில பவானிப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் பஸ் பிடிச்சு வந்தார். எழுபதுக்கு மேலே இருக்கும். உட்காரச் சொன்னா உட்காரலை. ஒரு கையில நான் அடிச்ச சீட்டு: பாக்கி 18,500 ரூபாய். இன்னொரு கையில பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வெச்ச ரோஸ் கலர் ரசீது. 2009-ல முழுசா கட்டி முடிச்சதுக்கான ரசீது, மண்டி ரப்பர் ஸ்டாம்ப்போட.

“கட்டிப்போட்டனுங்களே சாமி. நான் இன்னுங் குடுக்கோணுமா?”

அவர் மாமாகிட்ட கேட்கலை. என்கிட்டதான் கேட்டார், நான்தான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாயே வரலை. மாமா எழுந்து போய் அவர் கையில இருந்த சீட்டை வாங்கிக் கிழிச்சார். டீ வாங்கிக் கொடுத்து, தானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தார். திட்டியிருந்தாலும் தேவலை. ஒரு வார்த்தை பேசலை.

நடந்தது இதுதான் பாஸ். டி.பி.எஃப். ஃபைல்ல ஒரு பதிவை ‘டெலிட்’ பண்ணினா அது அழியாது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடி ஒரு எழுத்துக்கு இடம் இருக்கும். சாதாரணமா அது காலியா இருக்கும். டெலிட் பண்ணினா அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’னு தனியா ஒரு கட்டளை கொடுத்தாதான் நிஜமாவே போகும். பழைய புரோகிராம் நட்சத்திரம் விழுந்ததைக் காட்டாம மறைச்சுக்கிட்டு ஓடியிருக்கு. கடன் முடிஞ்சா பதிவை டெலிட் பண்ற மாதிரி எழுதியிருக்கார் அந்த சிங்கப்பூர் அண்ணன். இத்தனை வருஷத்துல யாருமே ‘பேக்’ கொடுக்கலை. நான் எழுதின பைத்தான் புரோகிராம் அந்த முதல் எழுத்தைப் பார்க்காமலே தாண்டிப் போயிடுச்சு. தலைப்பகுதியில இருக்கிற எண்ணிக்கையிலயும் டெலிட் ஆனது சேர்ந்துதான் இருக்கும். அதான் டிட்டோவா வந்திருக்கு! கட்டி முடிச்ச கடன் எல்லாம் எழுந்து உட்கார்ந்துடுச்சு. அனுப்பின சீட்டுல எத்தனை தப்புன்னு அன்னிக்கு ராத்திரியே எடுத்தேன்: பதினோரு பேர். மறுநாள் மாமாவோட பைக்ல உட்கார்ந்து பதினோரு வீட்டுக்கும் போய்த் திரும்ப வாங்கினோம். ரெண்டு இடத்துல மோர் கொடுத்தாங்க. ஒரு இடத்துல நல்லா கேட்டாங்க.

பெரிய இடத்துலயும் இதே கூத்துதான். பிரிட்டன்ல டி.எஸ்.பி.ன்னு ஒரு பேங்க், 2018 ஏப்ரல்ல வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய சிஸ்டத்துல இருந்து புதுசுக்கு மாத்தினாங்க. 19 லட்சம் பேர் வரைக்கும் கணக்குக்குள்ள போக முடியாம வெளியில நின்னாங்க. 2022-ல 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம் போட்டாங்க. நமக்கு அபராதம் மோர் வரைக்கும்தான். ஆனா அந்தப் பெரியவரோட ரசீது தொலைஞ்சு போயிருந்தா?

அப்புறம்தான் செய்ய வேண்டியதை செஞ்சேன். ஒரு நாற்காலியை இழுத்துக்கிட்டு கணக்குப்பிள்ளை பக்கத்துல போய் உட்கார்ந்தேன். அறுபத்தி நாலு வயசு. மண்டியில கம்ப்யூட்டர் வந்த நாள்ல இருந்து அவர்தான் டைப் பண்றார். மாமா உட்பட யாரும் அவர்கிட்ட ‘டேட்டா மாத்தறோம்’னு சொல்லவே இல்லையாம். எனக்கும் அவரைக் கேட்கணும்னு தோணலை. ஃபைல்தான் கையில இருக்கே!

பேர்ல ஆரம்பிச்சோம். ஒரே ஊர்ல மூணு ‘பழனிசாமி’. எல்லாத்தையும் ஒரே ஆள்னு சேர்த்து வைக்க நான் ஒரு புரோகிராம் எழுதி ரெடியா வெச்சிருந்தேன். “அய்யோ கண்ணு, தொட்டுறாத! இவரு பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்காரரு. இவரு அவரோட பங்காளி. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, நீ கணக்கைச் சேர்த்து வெக்கப் போறியா?” பேருக்குப் பின்னால இருந்த ரெண்டு எழுத்தை இனிஷியல்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது தோட்டத்தோட அடையாளம்! தேதியிலயும் கொஞ்சம் கோளாறு. 2000-ல வருஷத்தை ரெண்டு இலக்கத்துல ‘00’னு அடிச்சது 1900-ன்னு பதிவாகியிருந்துச்சு. இது பெரிய விஷயம் இல்லை, சரி பண்ணிடலாம்.

நிஜமான பூதம் எடைக் கட்டத்துல இருந்துச்சு.

சும்மா ஒரு சோதனைக்காக, ஒரு மூட்டைக்கு சராசரி எத்தனை கிலோன்னு மாசவாரியா கணக்கு போட்டேன். எல்லா வருஷமும் அறுபத்தஞ்சு, எழுபது கிலோன்னு வருது. 2010-ல மட்டும் திடீர்னு நூத்தி முப்பது! அப்புறம் பழையபடி இறங்கிடுது. மறுபடியும் 2023-ல நூத்தி முப்பது. நூத்தி முப்பது கிலோ மூட்டையை எந்த சுமைதூக்கும் அண்ணன் தூக்குவார்?

கணக்குப்பிள்ளைகிட்ட காட்டினேன். சிரிச்சார்.

“அது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான கண்ணு. அஞ்சாவது நெம்பரு அடிச்சா உள்ள போகாது. நான் என்ன பண்ணட்டும்?”

1996-ல மஞ்சள் குவிண்டால் பத்தாயிரம் ரூபாய் போகும்னு யார் நினைச்சா? விலைக் கட்டத்துக்கு நாலு இலக்கம்தான் விட்டிருக்கார் சிங்கப்பூர் அண்ணன். 2010-ல ஈரோட்டுல விலை பத்தாயிரத்தைத் தாண்டுச்சு. ஐந்தாவது இலக்கத்தைத் திரை வாங்கவே இல்லை. சோர்ஸ் கோடு இல்லை, திருத்த ஆள் இல்லை, வெளியில விவசாயி காசுக்கு நிக்கிறார். கணக்குப்பிள்ளை ஒரு வேலை பண்ணினார். விலையைப் பாதியாக்கி, எடையை இரட்டிப்பாக்கி அடிச்சுட்டார்! பத்து மூட்டை, ஆறரை குவிண்டால், விலை 12,400-ன்னா, அவர் அடிச்சது 13 குவிண்டால், விலை 6,200. ரெண்டுக்கும் தொகை ஒண்ணுதான்: 80,600 ரூபாய். விவசாயிக்கு ஒரு பைசா குறையலை. கூலி மூட்டைக் கணக்குங்கிறதால அதுவும் சரியா வந்துடுச்சு. விலை இறங்கினதும் நிஜ எடைக்கு வந்துட்டார். 2023-ல விலை ஏறினதும் பழையபடி இரட்டிப்பு.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. இன்னொரு பக்கம், கையெடுத்துக் கும்பிடணும்போல இருந்துச்சு. நான் முதல்ல மாத்தின டேட்டாவுல ஒரு தப்பும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் அப்படியே வந்திருந்துச்சு. ஆனா இல்லாத மஞ்சள் அதுல டன் கணக்குல இருந்துச்சு. ‘மூட்டைக்கு நூறு கிலோவுக்கு மேல இருந்தா எடையைப் பாதியாக்கு, விலையை இரட்டிப்பாக்கு’ன்னு ஒரு விதி எழுதினேன். அப்பவும் அவர் விடலை. “அந்தப் பழைய சாக்கு பெருசு கண்ணு, அது நெசமாவே நூறு கிலோ புடிக்கும்”னு சில பதிவுகளைக் கையால பிரிச்சுக் கொடுத்தார். இதெல்லாம் எந்த ஃபைல்ல இருக்கும், சொல்லுங்க?

உங்க அப்பா கடையிலயோ சித்தப்பா சொசைட்டியிலயோ இப்படி ஒரு வேலை உங்க தலையில விழுந்தா, நான் பட்டதுல இருந்து சொல்றேன், கேட்டுக்குங்க. முதல்ல ஃபோல்டர் மொத்தத்தையும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வெச்சுட்டு, காப்பியில மட்டும் கை வைங்க. பணக் கட்டத்தை ‘ஃப்ளோட்’ல போடாதீங்க, ‘டெசிமல்’ல போடுங்க. இல்லாட்டி பைசா பைசாவா ஒழுகி மாசக் கடைசியில உங்களைத் தேடி வரும். பதிவு எண்ணிக்கை சரியா வந்ததும் குதிக்காதீங்க. பழைய புரோகிராம் அடிக்கிற பாக்கிப் பட்டியலையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஆள் ஆளா பாருங்க. அது சரிவர்ற வரைக்கும் ஒரு சீட்டுகூட வெளியில போகக்கூடாது. முக்கியமா, டைப் பண்றவர்கிட்ட ‘இந்த ஸ்க்ரீன் எதையெல்லாம் வாங்காது? அப்ப என்ன பண்ணுவீங்க?’ன்னு கேளுங்க. ‘எப்படி வேலை செய்யும்?’னு கேட்டா ‘நல்லா செய்யும்’னு முடிச்சுடுவாங்க.

இப்ப ரெண்டும் சேர்ந்து ஓடுது. பகல்ல டாஸ்பாக்ஸ்ல நீலத் திரை, சாயந்திரம் அதே சீட்டுகளைப் புது ஸ்க்ரீன்லயும் ஏத்தறாங்க. ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு மொத்தத்தையும் மாமா போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறார். நேத்து வரைக்கும் பன்னெண்டு நாள் சரியா இருக்கு. நடுவுல ஒரு நாள் நாற்பது ரூபாய் இடிச்சுது, டைப்பிங் தப்பு. ஒரு சீசன் முழுக்க இடிக்காம போனா நீலத் திரையை எடுத்துடலாம்கிறது மாமா கட்சி. கணக்குப்பிள்ளை இன்னும் ஒத்துக்கலை. விலைக் கட்டத்துக்கு ஆறு இலக்கம் விட்டிருக்கேன்னு பெருமையா காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டுப் பார்த்தார்.

“ஏழா வெச்சிரு கண்ணு.”

வெச்சுட்டேன்.