இறகு ஏன் விரலை விடுவதில்லை?

மீன்பிடித்தல் என்றதும் நம்மில் பலருக்கு மண்புழுவும் இறாலும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கேட்ஸ்கில் மலைப்பகுதியிலோ வேறொரு மரபு உண்டு. அங்குள்ள ஆறுகளில் வாழும் டிரவுட் மீன், நீரில் வந்து விழும் சிறு பூச்சிகளை விரும்பி உண்ணும். ஆகவே தூண்டில் முள்ளில் இறகையும் மான் முடியையும் நூலால் சுற்றிக் கட்டி, ஈயைப் போன்ற இரையைக் கையாலேயே செய்துகொள்கிறார்கள். இக்கலையை அங்கு வளர்த்தவர்களில் முதன்மையானவர், 1915-ஆம் ஆண்டு மறைந்த தியோடர் கோர்டன்.

இளவேனிலுக்குத் தேவையான இரைகளைப் பலர் குளிர்காலத்திலேயே கட்டி வைக்கின்றனர். தொல்லையும் அப்போதுதான் தொடங்குகிறது. வெட்டிய முடி விரலை விட்டு இறங்காது. இறகின் இழைகள் நாலா பக்கமும் விரிந்து நிற்கும். முடியின் நுனிகளைச் சமப்படுத்தும் பிளாஸ்டிக் குழாயில் போட்டுத் தட்டினால், முடி குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பொறுமையாகச் செய்த வேலை வீணாகிவிடும்.

இதற்குக் காரணம் என்ன?

நிலைமின்சாரமே காரணம். இரு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. முடி பொதுவாக அவற்றை இழக்கும், பிளாஸ்டிக் பெற்றுக்கொள்ளும். எதிரெதிர் மின்னூட்டம் ஈர்ப்பதால் முடி குழாயில் ஒட்டுகிறது. ஒரே வகை மின்னூட்டம் விலக்குவதால் இழைகள் விரிகின்றன.

குளிர்காலத்தில் இது ஏன் மிகுதி? 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 5 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 17 கிராம் வரை தாங்கக்கூடியதாகிறது. நீராவியோ அதே 5 கிராம்தான். ஆக, ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. ஈரமான காற்றில் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரமான நாடுகளில் இத்தொல்லை அதிகம் தெரியாததற்கும் இதுவே காரணம்.

பலர் செய்யும் தவறு

கணினி பழுதுபார்ப்போர் அணியும் மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். அது மனித உடலில் உள்ள மின்னூட்டத்தைத்தான் தரைக்கு அனுப்பும். முடியும் இறகும் மின்கடத்தாப் பொருள்கள். அவற்றில் ஏறிய மின்னூட்டம் கம்பி வழியே ஓடிவராது. ஏறிய இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே பட்டையை விட ஈரமே நல்ல மருந்து.

அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்திருப்பது நல்லது. அதற்கு மேல் கூட்டினால் குளிர்ந்த சன்னல்களில் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கலாம். விரல்களை லேசாக ஈரமாக்கிக்கொள்ளலாம். ஆனால் முடியை நனைக்கக் கூடாது, கற்றையாக ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் குழாய்க்குப் பதில் பித்தளைக் குழாயைப் பயன்படுத்தலாம். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் தாளால் கருவிகளைத் துடைத்தாலும் பலன் உண்டு. இறகை அதனால் துடைத்தால் வாசனையும் படலமும் அதில் தங்கிவிடும். கம்பளி, பாலியஸ்டர் உடைகளை விடப் பருத்தி உடை மேலானது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. விரலில் சுருக்கென்று உணரும் மின்பொறி ஏறத்தாழ 3,000 வோல்ட் அளவிலானது. முடிச்சின் மேல் பூசும் பசைகள் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் உண்டு. பசைப் புட்டியை வேலை முடிந்த உடனே மூடிவிட வேண்டும். இறகு ஒட்டினால் நேரம்தான் போகும். ஆவியில் பொறி பட்டால் மேசையே தீப்பிடிக்கலாம்.