சுகம் குறையும், தவிப்பு கூடும்

போதை பழகப் பழக உடம்பு மரத்துப்போகும், அளவு ஏறும். இது ஊரறிந்த கதை. கோகைன், ஆம்பெட்டமைன், மெத்தம்பெட்டமைன் போன்ற ஊக்கப் போதைகளில் இதற்கு நேர்மாறான ஒன்றும் கூடவே நடக்கிறது. கிடைக்கும் சுகம் குறையக் குறைய, 'வேண்டும்' என்ற தவிப்பு மட்டும் வளர்கிறது.

எலிக்கூண்டில் நடப்பது

எலிக்கு இடைவெளி விட்டு, ஒரே அளவு ஆம்பெட்டமைனை ஊசியில் செலுத்துகிறார்கள். அளவு மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஓட்டம் கூடுகிறது. தலையை ஆட்டி ஆட்டி ஒரே மூலையை மோந்துகொண்டிருக்கும். பல வாரம் நிறுத்திவிட்டுக் கொடுத்தாலும் அந்தக் கூடுதல் வேகம் போவதில்லை. வழக்கமாக ஊசி போட்ட கூண்டில் துள்ளிய அதே எலி, புதிய கூண்டில் பெரும்பாலும் அவ்வளவு துள்ளுவதில்லை என்பதுதான் விசேஷம். மருந்தோடு இடத்தையும் மூளை சேர்த்தே பதிந்துவைக்கிறது.

எந்தப் பாதை?

நடுமூளையின் ஒரு சிறு பகுதியிலிருந்து 'நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ்' என்ற இடத்துக்கு டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருள் செல்கிறது. வெளிவந்த டோபமைனை நரம்பணு திரும்ப உறிஞ்சும் வாயிலைக் கோகைன் அடைத்துவிடும்; ஆம்பெட்டமைனோ அதே வாயில் வழியாக டோபமைனை வெளியே கொட்டவைக்கும். மூளையின் முன்புறப் புறணி, அச்சத்தையும் ஆசையையும் பதியும் அமிக்டலா, இடநினைவுக்கான ஹிப்போகேம்பஸ் ஆகியவற்றின் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பிழைகளும் அக்கும்பென்ஸில்தான் வந்து சேர்கின்றன. கூண்டும் ஊசியும் அங்கேதான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. எலிகளில் ஒரே ஒரு கோகைன் ஊசி, நடுமூளையின் டோபமைன் அணுக்களில் நரம்பிணைப்புகளை வலுவாக்கியதும், அந்த மாற்றம் ஐந்து நாள் கழித்தும் இருந்ததும் 2001இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன.

பிடித்திருப்பதும் வேண்டியிருப்பதும் ஒன்றல்ல. போதை கூர்தீட்டுவது இரண்டாவதை என்று டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் வாதிட்டார்கள். 'இதில் இப்போது ஒன்றுமே இல்லை' என்று சொல்லிக்கொண்டே தேடி அலைபவரை வீட்டார் பொய்யர் என்கிறார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

ஜப்பானின் அனுபவம்

இந்தக் கூர்மை நெடுநாள் நீடிப்பது மனிதர்களிலும் காணப்பட்டது. மெத்தம்பெட்டமைன் 1940களில் ஜப்பானில் 'ஹிரோபோன்' என்ற பெயரில் கடையிலேயே விற்றது. போருக்குப்பின் அது ஊரெங்கும் பரவ, 1951இல் தனிச்சட்டமே வந்தது. அந்தப் போதையால் சந்தேக நோயும் காதில் குரல் கேட்பதுமாக வந்து குணமானவர்கள், நெடுநாள் விலகியிருந்தும், மறுபடி சிறிதளவு தொட்டதும் அதே நிலைக்குத் திரும்பியதை அந்நாட்டு மனநல மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்.

சிகிச்சை

ஊக்கப் போதைகளின் மீதான இந்தத் தவிப்பைத் தணிக்கத் தனி மாத்திரை எதற்கும் அமெரிக்க மருந்துத் துறை இன்னும் ஒப்புதல் தரவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும்போதெல்லாம் சிறு பரிசு தரும் முறைக்கே நல்ல பலன் உண்டு. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களில் டோபமைன் வாயில்கள் ஓரளவு மீண்டது ஸ்கேன்களில் தெரிந்திருக்கிறது.

மருத்துவமனையில் ஒழுங்காக இருந்தவர் பழைய தெருமுனைக்கு வந்ததும் தடுமாறுவது, போதையோடு இடத்தையும் மூளை சேர்த்தே பதிந்துவைப்பதால்தான். வீடு திரும்பும் முன்பே போகும் வழி, பழகும் ஆட்கள், போனில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் மாற்றத் திட்டமிடுங்கள். ஆலோசனைக்கு இந்தியாவில் கட்டணமில்லா எண் 14446.