வீட்டு அச்சுப்பொறி இணைப்பை இழப்பது ஏன்?

பட்டா நகல் ஒன்று வேண்டுமெனில் தாலுகா அலுவலகத்திற்கு இரண்டு மூன்று முறை நடந்து, அத்தனை நாள் கூலியையும் இழந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று முதலியவற்றைக் கணினி வழியே பெற்று வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தோர் சிலர் அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வைத்து, அக்கம்பக்கத்தாருக்கு அச்சிட்டுக் கொடுத்துச் சிறு வருவாயும் ஈட்டி வருகின்றனர்.

ஆனால் இப்பொறியைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. நேற்று ஒழுங்காக அச்சிட்ட பொறி இன்று அசைவதில்லை. கணினித் திரையில் ‘ஆஃப்லைன்’ என்ற சொல் மட்டும் தோன்றுகிறது. அதாவது, கணினிக்கும் பொறிக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

அண்மையில் ஒரு சிற்றூரில் நாம் கண்டதைக் கூறுவோம். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் செய்ய அன்று கடைசி நாள். மாணவி ஒருத்தி தன் வருமானச் சான்றை அச்சிட்டுச் செல்ல வந்து வாயிலில் காத்திருந்தாள். பொறியோ வாளாவிருந்தது. அதை வைத்திருந்த அம்மையார், பொறி பழுதாகிவிட்டது என்றே முடிவு செய்து, புதிய பொறி வாங்கக் குழுவில் கடன் கேட்கவும் எண்ணிவிட்டார். சோதித்துப் பார்த்ததில் பொறியில் யாதொரு பழுதும் இல்லை. முந்தின இரவு மின்சாரம் நின்று மீண்டும் வந்திருந்தது. தொல்லைக்குக் காரணம் அதுவே.

ஆகவே, கடைக்கு ஓடுமுன் குறை எங்கே உள்ளது என்பதை வரிசையாக ஆராய்ந்து அறிதல் வேண்டும்.

முதலாவதாக, பொறி தானாக இயங்குகிறதா என்று பாருங்கள். நகலெடுக்கும் வசதி உள்ள பொறியாயின், கணினியின் உதவியின்றி ஒரு தாளை வைத்து நகல் எடுத்துப் பாருங்கள். நகல் நன்கு வந்தால் பொறி நலமாக உள்ளது; குறை இணைப்பிலோ கணினியிலோதான் இருக்கிறது. பொறி நெடுநேரம் உறக்க நிலையில் இருந்தாலும் தொடர்பு விட்டுப்போவதுண்டு. அதன் பொத்தான் ஒன்றை அழுத்தி விழிக்கச் செய்தாலே சில வேளைகளில் போதும்.

இரண்டாவதாக, கேபிள் வழியே இணைத்திருப்போர் அதன் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுதல் வேண்டும். யூ.எஸ்.பி. கேபிள் 5 மீட்டருக்கு மேற்படலாகாது. நீளம் கூடினால் தொடர்பு விட்டு விட்டு வரும். கிளைப்பெட்டியின் வழியாக இணைக்காமல் கணினியிலேயே நேராக இணைப்பது நலம். மேலும், எப்போதும் ஒரே துளையில்தான் செருக வேண்டும். துளை மாறினால், கணினி அதை வேறொரு பொறி என்று கருதிப் புதிய பெயரில் பதிந்துகொள்வதுண்டு. நாம் பழைய பெயருக்கே அச்சிடுமாறு கட்டளையிட்டுவிட்டுக் காத்திருப்போம்.

மூன்றாவதாக, கணினியில் அச்சுக்காக நிற்கும் வரிசையைப் பாருங்கள். ரேஷன் கடை வரிசையில் முதலில் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் உள்ள அனைவரும் நிற்க வேண்டியதுதான். அதுபோலவே முன்னே சிக்கிய ஒரு கோப்பு பின்வரும் எல்லாவற்றையும் தடுத்துவிடும். வரிசையில் உள்ளவற்றை எல்லாம் நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்குக. சில கணினிகளில் ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்னும் குறிப்பு தவறுதலாகத் தேர்வாகியிருக்கும். அதையும் நீக்குதல் வேண்டும்.

நான்காவதாக, வை-பை மூலம் இணைத்திருப்போர் கணினியும் அச்சுப்பொறியும் ஒரே ரூட்டரில், ஒரே பெயருள்ள இணைப்பில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வீட்டு வை-பை அலைகள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இருவகையாக வருகின்றன. வீட்டு அச்சுப்பொறிகளில் பல முதல் வகையை மட்டுமே அறியும். ரூட்டருக்கு மாற்றாகக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துவோர் அதை 2.4 என்ற அளவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இனி, மேற்கூறிய அம்மையாரின் வீட்டில் நேர்ந்ததை விளக்குவோம். ரூட்டர் தன்னுடன் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பது போன்ற எண் ஒன்றை வழங்குகிறது. இது வீட்டின் கதவு எண்ணைப் போன்றது. ஆயின் இது நிலையான எண் அன்று. மின்சாரம் நின்று வந்ததும் பல ரூட்டர்கள் பழைய கணக்கை மறந்து, முதலில் வந்து சேரும் கருவிக்கு முதல் எண் என்ற முறையில் புதிதாக வழங்குகின்றன. நேற்று அச்சுப்பொறிக்கு இருந்த எண் இன்று யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போய்விடுகிறது. கணினியோ பழைய எண்ணையே நாடிச் செல்கிறது. கதவு எண்களை மாற்றி எழுதிய தெருவில், பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரர் அலைவது போன்றதே இது.

இதைக் கண்டறிதல் எளிது. அச்சுப்பொறியின் பட்டியலில் இணைப்பு விவரத்தை அச்சிடும் வசதி இருக்கும். அத்தாளில் உள்ள எண்ணையும், கணினியில் அப்பொறிக்குரிய ‘போர்ட்ஸ்’ பகுதியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிய எண்ணைக் கொண்டு பொறியை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்த முறை மின்சாரம் நின்றால் இதே தொல்லை மீண்டும் வரும். நிலையான பரிகாரம் வேறு உண்டு. அச்சுப்பொறி ஒவ்வொன்றுக்கும் 12 எழுத்தெண்கள் கொண்ட மாறாத அடையாளம் ஒன்று உண்டு. அது மேற்சொன்ன தாளிலேயே காணப்படும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து, ‘ரிசர்வேஷன்’ என்னும் பகுதியில் அந்த அடையாளத்தையும் விரும்பும் எண்ணையும் பதிந்துவிட்டால், ரூட்டர் அந்த எண்ணை வேறு எந்தக் கருவிக்கும் கொடாது. அப்பக்கத்தைத் திறப்பதற்கான விவரம் பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். இப்பணி கால் மணி நேரத்தில் முடிவது. கணினி பயிலும் கல்லூரி மாணவர் எவரும் செய்து தரக்கூடியது.

மின்தடை மிகுந்த ஊர்களில் மேலும் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். மின்சாரம் வந்தவுடன் ரூட்டரை முதலில் இயக்கி, மூன்று நிமிடம் பொறுத்து அச்சுப்பொறியையும், பின்னர் கணினியையும் இயக்குக. ரூட்டருக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே தேவைப்படுவதால், அதற்கென விற்கும் சிறு யூ.பி.எஸ். ஒன்றை இணைத்தால் மின்தடையின்போதும் அது அணையாது. லேசர் அச்சுப்பொறியைச் சிறிய யூ.பி.எஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ இணைத்தல் கூடாது. தாளில் மையைப் பதிக்கச் சூடேறும்போது அது ஏராளமான மின்சாரத்தை இழுக்கும். மைப்பொறியை அதன் பொத்தானாலேயே நிறுத்த வேண்டும். சுவர் ஸ்விட்சை அணைத்து நிறுத்தினால் மை முனை மூடப்படாமல் உலர்ந்துபோகும்.

அச்சுப்பொறியின் எண், வை-பையின் பெயர், எந்நாளில் என்ன குறை வந்தது, எதனால் தீர்ந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பொறியின் அருகே ஒட்டி வைப்பீர்களாக. அம்மையார் அவ்வாறே செய்திருக்கிறார். அன்று அவர் வீட்டில் எண்ணைத் திருத்திச் சான்றை அச்சிட அரை மணி நேரமே ஆயிற்று. மாணவியும் அன்று மாலைக்குள் விண்ணப்பத்தைச் சேர்த்துவிட்டாள். குழுவில் கேட்கவிருந்த கடனுக்கும் தேவை இல்லாது போயிற்று.

கருவிகள் நம் இல்லங்களுக்கு வந்துவிட்டன. அவற்றின் இயல்பையும் நாம் அறிந்துகொண்டால் வீண்செலவு குறையும். உரிய காலத்தில் உரிய பணியும் நடைபெறும்.