வேண்டிய வயலுக்கே மடை



தஞ்சை நாட்டு உழவர் வாய்க்கால் மடைகளை எல்லாம் ஒருசேரத் திறந்து விடுவதில்லை. நீர் வேண்டும் வயலின் மடையை மட்டுமே திறப்பர். இணையத்தில் படிப்பவர்க்கும் இவ்வொழுங்கு பொருந்தும்.

1991-இல் டிம் பெர்னர்ஸ் லீ உலகுக்கு அளித்த முதல் வலைப்பக்கங்கள், எழுத்தும் இணைப்பும் கொண்டு எளியனவாய் இருந்தன. 1995-இல் பிரெண்டன் ஐக் என்பார் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கினார். அம்மொழியில் எழுதப்படும் நிரல்கள் நம் கருவியிலேயே இயங்குவன. படிவத்தைச் சரிபார்ப்பதோடு, விளம்பரம் கொணர்தலும் படிப்பவர் போக்கை உளவறிதலும் இன்று அவற்றின் வேலைகளாயின. ஆகவே, சிறு கட்டுரை ஒன்றைப் படிக்க வந்தவரும் வேண்டாச் சுமைகளுக்காகக் காலத்தையும் தரவையும் இழக்கின்றார்.

மாற்று எளிதே. குரோம் உலாவியின் தள அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைக்கலாம். பயர்பாக்சுக்கு 2005 முதல் நோஸ்கிரிப்ட் என்னும் துணைக்கருவி உண்டு. நிறுத்திய பின்னரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்களையும் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளையும் இடரின்றிப் படிக்கலாம். எழுத்தே அவற்றின் உயிர் அன்றோ! பழைய கைப்பேசிகள் பலவும் அவற்றை எளிதில் திறக்கும்.

எனினும், இதனால் உளவு முற்றும் ஒழியும் என்று எண்ணற்க. குக்கிகள் வழியாகவும் அது நிகழும். மேலும், வங்கிப் பணியும் தேர்வு விண்ணப்பமும் பெரும்பாலும் நிரலின்றி நடவா. விண்ணப்பத்தின் இறுதி நாளன்று வெற்றுப் பக்கம் கண்டு திகைப்பதினும், முன்னரே அத்தளத்திற்கு மட்டும் விலக்கு அளித்து வைத்தல் நன்று. திறப்பதும் அடைப்பதும் படிப்பவர் கையில் இருத்தல் வேண்டும்.